விடாது கருப்பும் மிளகாய் பஜ்ஜியும்

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் எட்டிப் பாத்து. ஆணி அதிகம், டேமேஜர் தொல்லைன்னு வழக்கமான சாக்கு எதுவும் சொல்லப் போறதில்லை. எழுதத் தோணலை, அவ்ளோதான். இன்னிக்கு எழுத வச்சதும் ஒரு கோபம்தான்.

போன வாரம் ஆபீஸ்ல மதியம் தயிர்சாதத்தை முன்னாடி வச்சுக்கிட்டு போன்ல மர்மதேசம் பாத்துட்டு இருந்தேன். பக்கத்து டீம் பையன் ஒருத்தன் எட்டிப் பாத்தான். நல்ல பையன், காலையில அஞ்சு மணிக்கு எழுந்து ஓடுறவன், வருஷத்துக்கு அம்பது சுயமுன்னேற்றப் புத்தகம் படிக்கிறவன். "இன்னுமா இதெல்லாம் பாக்குறீங்க? இதெல்லாம் நிஜத்துல இருந்து தப்பிச்சு ஓடுற வேலைங்க"ன்னான். நான் ஹிஹின்னு சிரிச்சு வச்சேன். எனக்குப் பதில் எப்பவுமே மூணு நாள் கழிச்சு, அதுவும் சில்க் போர்டு டிராபிக்ல நிக்கும்போதுதான் வரும். அந்தப் பதில்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கறேன். ஆமாம், தப்பிச்சுதான் ஓடினேன். ஆனா எதுல இருந்து, எங்கேன்னு சொன்னாத்தான் அது தப்பா சரியான்னு பேச முடியும்.

எனக்குச் சொந்த ஊர் ஏற்காடு. 'அடேங்கப்பா, குடுத்து வச்சவ'ன்னு சொல்றவங்க எல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவையும் வாரத்துக்கு ரெண்டு தடவை பஸ்ல ஏறி இறங்கிப் பாக்கணும். டூரிஸ்ட் வர்றவங்களுக்கு ஏரி, போட்டு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், மே மாசம் கோடை விழா. எங்களுக்கு ஈரம் காயாத துணியும், நினைச்சா போற கரண்டும். அப்பா மின்வாரியத்துல ஒயர்மேன். அதனால மழை பெஞ்சா எங்க வீட்ல முதல்ல காணாம போறது அப்பாதான், அப்புறம்தான் கரண்ட்டு.

அப்பாவுக்கு ஒரே ஒரு பைத்தியம், காமிக்ஸ். கட்டிலுக்கு அடியில ஒரு தகரப்பெட்டி நிறைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ். சிவகாசியில 1972ல இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்ச முத்து காமிக்ஸ்தான் அவரோட பள்ளிக்கூடம். தெரியாதவங்களுக்கு: மாயாவிக்கு ஒரு கை இரும்பு. உடம்புல கரண்ட் பாஞ்சா ஆளே மறைஞ்சிடுவார், கை மட்டும் தெரியும். தினமும் கம்பத்துல ஏறுற மனுஷன் இந்தக் கதையை எப்படி ரசிச்சாரோ! "நமக்குப் பாஞ்சாலும் மறைஞ்சிடுவோம் கண்ணு, ஆனா திரும்பி வரமாட்டோம்"பார். அம்மா உடனே வாயில அடிப்பாங்க.

அம்மாவோட பைத்தியம் வேற. அது கருப்பு.

தொண்ணூறுகளோட பின்பாதியில சன் டிவியில மர்மதேசம் வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், கே. பாலசந்தரோட தயாரிப்பு. அதுல 'விடாது கருப்பு'தான் உச்சம்னு இன்னிக்கும் சண்டை போடுறவங்க உண்டு ('ரகசியம்' கட்சிக்காரங்க மன்னிச்சுக்கோங்க, உங்களுக்குத் தனிப்பதிவு போடறேன்). தப்பு பண்றவனை ஊர்க் காவல்தெய்வம் கருப்பு தண்டிக்குதுன்னு ஒரு கிராமமே நம்புது. ராத்திரியில குதிரைச் சத்தம். அது சாமியா, மனுஷனா? அவ்ளோதான் கதை. அந்த அவ்ளோதானை வச்சுக்கிட்டு வாராவாரம் தமிழ்நாட்டுல பல வீட்டுப் பிள்ளைகளை ராத்திரி பாத்ரூம் போகவிடாம பண்ணினாங்க.

நான் அதைப் பாக்கலை. அப்ப நான் அம்மா வயித்துல. வயித்துப்பிள்ளைக்காரி பேய் நாடகமெல்லாம் பாக்கக்கூடாதுன்னு ஆயா தடா போட்டிருக்காங்க. இத்தனைக்கும் சேர்வராயன் கோயில் குகை காவிரி வரைக்கும் போகுது, உள்ள போனவன் வெளிய வந்ததில்லைன்னு தினமும் கதை சொல்லி அம்மாவைப் பயமுறுத்தினது அதே ஆயாதான். டிவியில வந்தாத்தான் தப்பு போல. அம்மா அசரலை. நாலு வீடு தள்ளி கேபிள் இருந்த வீட்ல போய் உக்காந்து ஒரு வாரம் விடாம பாத்திருக்காங்க. அப்பா துணைக்கு.

கடைசி எபிசோடு அன்னிக்கு மழை. கரண்ட் போச்சு, கூடவே அப்பாவும். அம்மா இருட்டுல உக்காந்து அழுதிருக்காங்க. விடியக்காலை தொப்பலா நனைஞ்சு வந்த அப்பா, "அந்த எஸ்டேட் பங்களாவுல ஜெனரேட்டர் ஓடுச்சு. நான் முழுசும் பாத்துட்டேன்"னு சொல்லி கிளைமாக்ஸ் கதையை அம்மாவுக்குச் சொல்லியிருக்கார். அப்ப மறு ஒளிபரப்பும் கிடையாது, டவுன்லோடும் கிடையாது. அம்மாவுக்கு அதுதான் முடிவு.

இப்ப 2024க்கு வரேன். ஜூன் மாசம் அப்பாவுக்குக் காய்ச்சல். கீழ சேலத்துல ஒரு ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். ஒன்பது நாள். எதனால காய்ச்சல், எதனால கிட்னி, எதனால மூச்சு, எல்லாத்துக்கும் ஆளுக்கொரு பதில். பத்தாவது நாள் அப்பா இல்லை. கையில குடுத்த காகிதத்துல எழுதியிருந்த காரணத்தை நான் பெங்களூர்ல ரெண்டு டாக்டர்கிட்ட காட்டினேன். ரெண்டு பேரும் வேற வேற சொன்னாங்க. லாக் ஃபைலைப் பாத்தா எந்த வரியில உடைஞ்சுதுன்னு கண்டுபிடிக்கறதுதான் என் பொழப்பு. அப்பா விஷயத்துல மட்டும் எந்த வரின்னே தெரியலை. யார் மேல கோபப்படறதுன்னும் தெரியலை. மத்தவங்க சொன்ன ஆறுதலெல்லாம் 'விதி', 'நேரம்', 'நல்லவங்களை சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்'. கடைசியா சொன்னது மட்டும் உண்மைன்னா எங்க சொந்தத்துல பல பேர் நூறு வயசு இருப்பாங்க.

வீட்ல இருந்து வேலை பாக்க அனுமதி வாங்கிட்டு மலைக்கு வந்துட்டேன். அம்மா தூங்கலை. பகல்லயும் இல்லை, ராத்திரியும் இல்லை. சாயங்காலமானா எல்லா வீட்லயும் ஓடுற மெகா சீரியல் எங்க வீட்லயும் ஓடும், அம்மா எழுந்து போய் அணைச்சிடுவாங்க. "எல்லாரும் அழுதுட்டே இருக்காங்க கண்ணு. எதுக்கு அழறாங்கன்னே தெரியலை, முடியவும் மாட்டேங்குது"ன்னாங்க. இதைவிட நல்ல சீரியல் விமர்சனத்தை நான் எங்கயும் படிச்சதில்லை.

அப்புறம் நவம்பர் 10. இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில காலமானார்னு செய்தி. எங்க சேலத்துல பிறந்தவர்தான். அம்மா பேரைத் தன் பேருக்கு முன்னாடி வச்சுக்கிட்டு எழுதினவர். செய்தியை வாசிச்சதும் அம்மா கேட்டாங்க, "கருப்பு எழுதினவரா?" அஞ்சு மாசத்துல அவங்களா கேட்ட முதல் கேள்வி அது. கவிதாலயாக்காரங்களே யூட்யூப்ல போட்டிருக்காங்களே. அன்னிக்கு ராத்திரி லேப்டாப்பை ஸ்டூல் மேல வச்சு முதல் எபிசோடு போட்டேன்.

என்னத்தைச் சொல்ல. படம் கலங்கல், சவுண்டு கரகர. கிராபிக்ஸ் பாத்தா இப்ப காலேஜ் பசங்க குறும்படத்துல இதைவிட நல்லா பண்றாங்க. ஆனா குதிரைச் சத்தம் கேட்டதும் அம்மா என் கையைப் பிடிச்சாங்க பாருங்க, அவ்ளோ அழுத்தமா. பயம்தான். ஆனா நல்ல பயம். ஒன்பது நாள் ஐசியூ வாசல்ல நாங்க பட்டது வேற பயம். அதுக்கு முகமே கிடையாது. இதுக்கு முகம் இருக்கு, சத்தம் இருக்கு, எபிசோடு முடிஞ்சா அதுவும் நின்னு போகும். ராத்திரிக்கு ரெண்டு எபிசோடுன்னு வச்சுக்கிட்டோம். மூணாவது கேட்டா அம்மாவே "நாளைக்கு என்ன பண்றது?"ன்னு மூடிடுவாங்க. 'நாளைக்கு'ன்னு ஒரு வார்த்தை எங்க வீட்ல மறுபடி புழங்க ஆரம்பிச்சது இப்படித்தான்.

அந்தப் பையனுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். துப்பறியும் கதை, பேய்க்கதை, மர்மக்கதை எல்லாமே ஒரு ஒப்பந்தம். முதல் பக்கத்துல ஒரு 'ஏன்' கேட்டா கடைசிப் பக்கத்துல பதில் சொல்லியாகணும். சொல்லலைன்னா வாசகன் சும்மா விடமாட்டான். 1893ல கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில தள்ளிவிட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாத்தார். வாசகர்கள் கொதிச்சுப் போய், பத்து வருஷம் கழிச்சு அந்த ஆளை உயிரோட திருப்பிக் கொண்டுவர வேண்டியதாப் போச்சு. நிஜத்துல அந்த ஒப்பந்தம் கிடையாது. ஒன்பது நாளும் 'ஏன்'னு கேட்டு ஒருத்தரும் பதில் சொல்லாத ரெண்டு பேர், பதில் கட்டாயம் வரும்னு தெரிஞ்ச ஒரு இடத்துல தினமும் ஒண்ணரை மணி நேரம் போய் உக்காந்துட்டு வந்தோம். இதுல ஓடிப்போனது எங்க இருக்கு? மூச்சு முட்டினா ஜன்னலைத் திறக்கறதில்லையா?

இதுல ஒரு சிக்கலும் இருக்கு, அதையும் சொல்லிடணும். தப்பு பண்ணினவனுக்கு ராத்திரி சாமி வந்து தண்டனை குடுக்குதுங்கறது திரையில பாக்க ருசியா இருக்கு. எது தப்புன்னு முடிவு பண்றது யாருன்னு கேட்டா அந்த ருசி குறைஞ்சிடும். ஊர் கூடித் தீர்ப்பு சொல்ற இடங்கள்ல அடி வாங்கினது பெரும்பாலும் யாருன்னு நமக்குத் தெரியாததா? அந்தத் தொடரே அந்தக் கேள்விக்குப் பக்கத்துல போகுது, அதனாலதான் இன்னும் பிடிக்குது. ஆனாலும் அப்பாவோட ஆஸ்பத்திரி நாட்கள்ல எனக்கும் ஒரு கருப்பு தேவைப்பட்டுச்சு. அதை நினைச்சா இப்பக் கொஞ்சம் கூச்சமா இருக்கு.

இன்னொண்ணும் ஒத்துக்கணும். நான் நிஜமாவே ஒளிஞ்ச நாளும் உண்டு. அப்பாவோட பென்ஷன் காகிதங்கள்ல கையெழுத்து வாங்கறதை ரெண்டு மாசம் தள்ளிப் போட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலை பல் விளக்காம ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் ஒரு அமெரிக்க பேய்த் தொடரோட பாதி சீசனை முடிச்சேன் (பதினஞ்சு சீசன் இருக்கு அதுல, 2005ல ஆரம்பிச்சு 2020 வரைக்கும் ஓட்டியிருக்காங்க புண்ணியவான்கள்). முடிச்சப்ப மனசு லேசா இல்லை, மரத்துப் போயிருந்தது. ரெண்டு எபிசோடுன்னு கோடு போட்ட அம்மாவுக்குத் தெரிஞ்சது என்ஜினியரிங் படிச்ச எனக்குத் தெரியலை.

நவம்பர் கடைசி வாரம் நாங்க முடிவுக்குப் பக்கத்துல வந்துட்டோம். அப்பதான் ஃபெஞ்சல் வந்தது. 30ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த புயல், எங்க மலை மேல வந்து கொட்டித் தீர்த்துச்சு. மலைப்பாதையில மண்சரிவு, வண்டி நின்னுபோச்சு. கரண்ட்டும் போச்சு. சரியா ரெண்டு எபிசோடு பாக்கி!

மெழுகுவர்த்தி வெளிச்சத்துல அம்மா சிரிக்க ஆரம்பிச்சாங்க. முதல்ல நான் பயந்துட்டேன். "அன்னிக்கும் இப்படித்தான்டி"ன்னு மறுபடி சிரிப்பு. அன்னிக்குத்தான் எனக்கு இந்தப் பழைய கதை முழுசும் தெரியும். அந்த இருட்டுலயே, அப்பா சொன்ன கிளைமாக்ஸையும் சொன்னாங்க. கருப்பும் இல்லை ஒண்ணும் இல்லையாம். அது ஒரு ஏழைப் பையன் வளத்த குதிரையாம். ராத்திரி அவுத்துக்கிட்டு ஓடுமாம். உண்மை தெரிஞ்சதும் ஊரே அந்தப் பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டுப் பொங்கல் வச்சு, குதிரைக்கும் ஒரு வாய் குடுத்தாங்களாம். சுபம்.

நான் அதுவரைக்கும் பாத்த கதைக்கும் இந்த முடிவுக்கும் ஸ்நானப்ராப்தி கூட இல்லை. ஆனா வாயைத் திறக்கலை.

மழை விட்ட அன்னிக்கு எங்க தெருக் கம்பத்துல ரெண்டு பேர் ஏறி வேலை பாத்தாங்க. அப்பாகூட வேலை பாத்தவங்க. அம்மா ஒரு சொம்பு நிறைய காபி போட்டு எடுத்துட்டுப் போனாங்க. எங்க வீட்டுக் கொல்லையில நாலு காபிச் செடி இருக்கு. பழம் சிவந்ததும் பறிச்சு, காயவச்சு, அம்மாவே இரும்புச் சட்டியில வறுத்து அரைக்கிற பொடி. அப்பா போனதுக்கப்புறம் அதைத் தொடவே இல்லை, கடைத்தூள்தான். அன்னிக்கு டப்பாவைத் தேடி எடுத்தாங்க. கலெக்டர் காக்பர்ன் 1820கள்ல இந்த மலையில காபியைக் கொண்டுவந்து நட்டார்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம். ஆனா எங்க ஊர்க் கடைகள்ல எல்லாரும் குடிக்கறது டீதான். வீட்ல மட்டும் காபி. கம்பத்துல இருந்து இறங்கினவர் ஒரு வாய் குடிச்சுட்டு, "அக்கா, அண்ணன் கொண்டு வர்ற பிளாஸ்க் வாசம்"ன்னார். அம்மா உள்ள வந்து கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

கரண்ட் வந்த அன்னிக்கு ராத்திரி அந்த ரெண்டு எபிசோடையும் பாத்தோம். முடிவு என்னன்னு சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் கழிச்சும் பாக்காதவங்க ரெண்டு பேராவது இருப்பீங்க, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆனா பொங்கலும் இல்லை, குதிரைக்கு ஒரு வாயும் இல்லை. முடிஞ்சதும் அம்மா கொஞ்ச நேரம் திரையையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம், "அடப்பாவி மனுஷா! புளுகியிருக்கார்டி உங்கப்பா!"

ஜெனரேட்டரும் இல்லை, பங்களாவும் இல்லை. ராத்திரி முழுக்க மழையில கம்பத்துல இருந்திருக்கார். வயித்துப்பிள்ளைக்காரி பயந்துடக்கூடாதுன்னு, நடந்து வர்ற வழியில ஒரு கிளைமாக்ஸ் ரெடி பண்ணியிருக்கார். அதுவும் இரும்புக்கை மாயாவி படிச்ச மூளை, இதைவிட எப்படி வரும்! அம்மா திட்டிக்கிட்டே அழுதாங்க, நானும்தான். அஞ்சு மாசமா அப்பாவைப் பத்திப் பேசினா ஆஸ்பத்திரிதான் வரும். அன்னிக்குத்தான் அதுக்கு முன்னாடி இருந்த அப்பா வந்தார்.

அந்த ராத்திரி அம்மா தூங்கினாங்க. கருப்பு பாத்துட்டு!

அப்பாவோட தகரப்பெட்டி இப்ப எங்கிட்ட. ஒரு ஆகஸ்ட்ல ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போனேன். வருஷா வருஷம் அப்பா போவார், அந்த சமயத்துல லயன்-முத்து வாசகர்கள் அங்க கூடுவாங்க. போனா எல்லாம் நாப்பது அம்பது வயசு அண்ணன்மார். பேங்க் வேலை, ஜவுளிக்கடை, வாத்தியார். டெக்ஸ் வில்லரைப் பத்தி அரை மணி நேரம் குடும்பத் தகராறு மாதிரி சண்டை போடுறாங்க. ஒருத்தர் கேட்டார், "நீங்க யாரோட பொண்ணும்மா?" காமிக்ஸ் படிக்கறவ யாரோட பொண்ணாவோதான் இருக்கணுமான்னு உள்ளுக்குள்ள சுர்ருன்னு வந்தது. ஆனா அன்னிக்கு எனக்கு அந்தக் கேள்வி தேவையா இருந்தது. சொன்னேன். "ஏற்காடு ஒயர்மேன் அண்ணனா?"ன்னு நாலு பேர் திரும்பினாங்க. எனக்குத் தெரியாத நாலு அப்பா கதை கிடைச்சுது. ஒண்ணுல கூட ஆஸ்பத்திரி இல்லை.

சொந்தக்காரங்க சொல்றாங்க, இருபத்தெட்டு வயசாச்சு, பொம்மை புக்கும் பேய் நாடகமும்னு திரியறான்னு. இலக்கியம் படிக்கிற நண்பர்கள் இன்னும் நாசூக்கா 'வணிக எழுத்து'ன்னு சொல்லி மூக்கைச் சுளிப்பாங்க. நானும் இலக்கியம் படிக்கறவதான், நல்ல நாவலோட அருமை தெரியாதவ இல்லை. ஆனா அந்த ஜூன் மாசம் ஒரு நல்ல நாவலை எடுத்து நாப்பது பக்கம் போனேன், அது என்னை இன்னும் ஆழத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு. ஏற்கனவே ஆழத்துல இருக்கறவளுக்கு அது வேணாம். சுஜாதா இந்த வித்தியாசத்தைப் பெருசா எடுத்துக்கிட்டதே இல்லை. பகல்ல பெங்களூர்ல ஓட்டு மெஷின் செஞ்சுட்டு, ஜீனோன்னு ஒரு ரோபாட் நாய்க்குட்டியையும் எழுதினார். தூர்தர்ஷன்ல சீரியலாவே வந்துச்சு.

இப்ப நான் திரும்ப பெங்களூர். மாசம் ரெண்டு தடவை மலை ஏறுவேன். சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவும் நானும் ஏரிக்கரைக்குப் போய் மிளகாய் பஜ்ஜி வாங்குவோம், ரெண்டு பிளேட்டு. பனி இறங்கும்போது பேப்பர்ல எண்ணெய் ஊறின அந்தச் சூடு இருக்கே, அதுக்கு இணை கிடையாது. பனி இல்லாத நாள்ல லேடீஸ் சீட் வரைக்கும் போய் கீழ சேலத்து லைட்டுங்களைப் பாத்துட்டு வருவோம். அம்மா எப்பவும் ஒரே வசனம்தான்: "எத்தனை லைட்டு பாரு, எல்லாத்துக்கும் ஒருத்தன் கம்பம் ஏறியிருப்பான்." அப்புறம் வீட்டுக்கு வந்து ரெண்டு எபிசோடு.

அங்கதான் உங்க உதவி வேணும். மர்மதேசத்துல மிச்சக் கதைகளையும் முடிச்சாச்சு. நாகா 2024ல எடுத்த ஐந்தாம் வேதமும் ஆச்சு. சுழல் ரெண்டு சீசனும் பாத்தாச்சு, அம்மாவுக்கு மயானக்கொள்ளை வர்ற முதல் சீசன்தான் பிடிச்சுது. அடுத்து என்ன போடறதுன்னு தெரியலை. அம்மாவுக்கு ரெண்டே நிபந்தனை: யாரும் எபிசோடு முழுக்க அழக்கூடாது, கதை கட்டாயம் முடியணும். நானும் ஒண்ணு சேத்துக்கறேன், ஆஸ்பத்திரி சீன் கம்மியா இருக்கணும். தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. முடிவை மட்டும் சொல்லிடாதீங்க :)